பிடி-100 நல்லதா, தெர்மோகப்புள் நல்லதா?

வெப்பநிலை சென்சார் வாங்கும்போது பலரும் முதலில் பார்ப்பது அது எத்தனை டிகிரி வரை தாங்கும் என்பதைத்தான். 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் அந்த ஒரு கேள்வி போதும். உலையோ கொதிகலனின் புகைப்பாதையோ, அங்கே இரு வேறு உலோகக் கம்பிகளை நுனியில் இணைத்து, சூட்டுக்கேற்ப எழும் மில்லிவோல்ட்டை அளக்கும் தெர்மோகப்புள்தான். குழப்பம் வருவது அதற்குக் கீழே, இரண்டுமே ஓடும் எல்லையில்.

துல்லியத்தில் பிடி-100க்குப் போட்டியே கிடையாது. சூடேற ஏற எதிர்ப்பு கூடும் இந்த பிளாட்டினம் சென்சார் (ஆர்டிடி வகை) 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.51 ஓம் காட்டும். 100 டிகிரியில் கிளாஸ் ஏ ரகத்துக்கு அனுமதித்த பிழை ±0.35 டிகிரி, கிளாஸ் பி ரகத்துக்கு ±0.8. பரவலாகப் பயன்படும் கே டைப் தெர்மோகப்புளில் கிளாஸ் 1 ரகத்துக்கே ±1.5, கிளாஸ் 2 என்றால் ±2.5. பாலை 72 டிகிரியில் 15 விநாடி வைத்துப் பாஸ்ச்சரைஸ் செய்யும் லைனில் இரண்டரை டிகிரி குறைந்தால் கிருமி முழுதாகச் சாகாமல் போகலாம். அங்கே தெர்மோகப்புளைப் போட்டுக் காசு மிச்சம் பிடிப்பது வீண் வேலை.

ஆனால் இந்தத் துல்லியமெல்லாம் சென்சாரின் நுனியில்தான். கேபிளில் அதைத் தொலைப்பது சுலபம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12 ஓம் எதிர்ப்பு. 100 மீட்டர் தள்ளியிருக்கும் பிடி-100ஐ இரண்டு கம்பியில் இழுத்தால், போக வர 200 மீட்டருக்கு 2.4 ஓம் கூடும். டிகிரிக்கு 0.385 ஓம் என்ற கணக்கில் ஆறு டிகிரி அதிகமாகக் காட்டும். மூன்று கம்பி போட்டால் இந்தப் பிழை கழிந்துவிடும், மூன்றும் ஒரே எதிர்ப்பில் இருக்கும் வரைக்கும். ஒரு டெர்மினலில் பச்சை பூத்து அரை ஓம் ஏறினாலே 1.3 டிகிரி போச்சு. நான்கு கம்பிக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

தெர்மோகப்புளின் கேபிள் சிக்கல் வேறு வகை. அதே மில்லிவோல்ட் குணமுள்ள காம்பென்சேட்டிங் கேபிள் இல்லாமல் சாதாரணச் செம்புக் கம்பியை இழுத்துவிட்டால், ஹெட் (சென்சாரின் மேல்முனையில் கம்பி கட்டும் பெட்டி) 60 டிகிரியிலும் கன்ட்ரோலர் இருக்கும் பேனல் 25 டிகிரியிலும் இருக்கும்போது அந்த 35 டிகிரி அப்படியே குறையும். இதைவிட மோசம், சரியான கேபிளையே ஹெட்டில் ஒருமுறை, பேனலில் ஒருமுறை மாற்றிக் கட்டுவது. ஒரு முனையில் மட்டும் மாறியிருந்தால் சூடேறும்போது ரீடிங் இறங்கும், உடனே தெரிந்துவிடும். இரண்டிலும் மாறினால் ரீடிங் ஒழுங்காக ஏறும், இறங்கும், ஆனால் 70 டிகிரி குறைவாகவே நிற்கும். கம்பியின் நிறமும் காலை வாரும்: அமெரிக்க முறையில் சிவப்புதான் மைனஸ். சிவப்பு என்றால் பிளஸ் என்று பழகிய கை அங்கேதான் தவறும். சர்வதேசத் தரமான ஐஇசி முறையில் கே டைப்புக்குப் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ்.

பழுதாகும் விதத்தையும் பார்க்க வேண்டும். பிடி-100இல் கம்பி அறுந்தாலும் ஷார்ட் ஆனாலும் ரீடிங் அளவின் ஏதோ ஒரு கோடிக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். தெர்மோகப்புளில் அறுந்தால் மட்டுமே தெரியும். கேபிள் டிரேயில் எங்கோ உறை உருகி ஷார்ட் ஆனால், அந்த இடமே புதிய சந்தியாகி அங்குள்ள சூட்டைக் காட்டும். அலாரம் வராது. ரீடிங் குறைவு என்று கன்ட்ரோலர் எரிபொருளை இன்னும் திறக்கும்.

கே டைப் 800 முதல் 1050 டிகிரி வரை, ஆக்சிஜன் குறைந்த சூழலில் நெடுநாள் இருந்தால் பிளஸ் கம்பியிலுள்ள குரோமியம் அரிக்கப்பட்டு மில்லிவோல்ட் சரியும். விளைவு அதேதான்: குறைந்த ரீடிங், கூடுதல் சூடு. அப்படிப்பட்ட உலைக்கு என் டைப் தெர்மோகப்புள் நல்லது.

அதிர்வில் தெர்மோகப்புள் கெட்டி. கம்பி சுற்றிய பிடி-100 கம்ப்ரஸர் லைனில் சீக்கிரம் அறுந்துபோகும். பிளாட்டினத்தை மெல்லிய படலமாகப் படியவைத்த தின் பிலிம் ரகம் தாக்குப்பிடிக்கும். வேகத்திலும் தெர்மோகப்புள்தான் முன்னே என்பார்கள். இரண்டையும் தடித்த தெர்மோவெல்லுக்குள் (சென்சாரைக் காக்கும் உலோக உறை) இறக்கிவிட்டால் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

சோதிக்கச் சுலபம் பிடி-100தான். 30 டிகிரி அறையில் மல்டிமீட்டர் 111.67 ஓம் காட்ட வேண்டும், ஒரே நிறக் கம்பிகளுக்கு இடையே பூஜ்யத்தை ஒட்டி. தெர்மோகப்புளில் மீட்டர் இருக்கும் இடத்தின் சூட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கே டைப்பில் 800 டிகிரிக்கு அட்டவணையில் 33.275 மில்லிவோல்ட், 30 டிகிரியில் நின்று அளந்தால் மீட்டரில் 32.07தான் வரும். அதை அப்படியே அட்டவணையில் தேடினால் 771 டிகிரி என்று கிடைக்கும், நல்ல சென்சாரைக் கழற்றி எறிய நேரும்.

400 டிகிரிக்குக் கீழே, பெரிய அதிர்வு இல்லையென்றால் பிடி-100தான் எங்கள் தேர்வு. எதைப் போட்டாலும் ஹெட்டிலேயே சிக்னலை மின்னோட்டமாக மாற்றும் டிரான்ஸ்மிட்டர் வைத்து 4-20 மில்லிஆம்பியராகக் கொண்டுவந்தால் மேலே சொன்ன கேபிள் தொல்லைகளில் பெரும்பகுதி போய்விடும். ஹெட் 85 டிகிரியைத் தாண்டும் இடமென்றால் டிரான்ஸ்மிட்டரைச் சுவருக்கு நகர்த்துங்கள். சூடேற்றும் லூப்பில் சென்சார் அறுந்தால் ரீடிங் மேலே போகும்படி, அதாவது 21 மில்லிஆம்பியருக்கு, செட் செய்திருக்கிறதா என்று ஒரு கம்பியைக் கழற்றிப் பார்த்த பிறகு லைனை ஒப்படையுங்கள்.