டிரெய்லர் வீட்டு ஆன்டெனாவுக்கு எர்த்: இப்படியும் ஏமாற்றுகிறார்கள்

டயர்மேல் நிற்கும் டிரெய்லர் வீட்டின் கூரையில் டிவி ஆன்டெனா மாட்டிவிட்டு, மின்னலுக்கு எர்த் போட்டதாகத் தனியே பணம் கேட்டால், மண்ணில் இறக்கும் கம்பியான எர்த் ராடைக் கண்ணால் பார்க்காமல் கொடுக்காதீர்கள்.

மழை விட்ட ஒரு நாள், ஆன்டெனாக் கம்பத்திலிருந்து இறங்கும் பச்சை ஒயர் தொய்ந்து கிடந்தது. இழுத்துப் பார்த்தேன். எர்த் ராடே கையோடு வந்துவிட்டது! முழ நீளம்கூட இல்லை. அடிமுனையில் கூர் இல்லை. ரம்பத்தால் அறுத்த தடம். அறுத்த இடத்தில் செம்புப் பூச்சுக்குள் இருந்த இரும்பு துருவேறியிருந்தது. பில்லில் இருப்பதோ எட்டடி ராடு. மிச்சம் யார் வீட்டுக்குப் போனதோ!

ஆன்டெனா மாட்டியவரிடம் போனில் கேட்டதற்கு, "டயர்மேல் நிற்கிற வீடு சார், மின்னல் அண்டாது. எர்த்தே தேவையில்லை" என்றார். தேவையில்லாததற்கு எதற்குப் பணம் வாங்கினார் என்பதற்குப் பதில் இல்லை. கிலோமீட்டர் கணக்கில் காற்றைப் பிளந்து வரும் மின்னலுக்கு ஒரு சாண் ரப்பர் எம்மாத்திரம்?

பிறகு உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவர் வந்து பார்த்தார். கம்பத்தின் பெயின்டைச் சுரண்டாமலேயே கிளாம்ப் மாட்டியிருந்தது. அதாவது ஒயர் உலோகத்தைச் சரியாகத் தொடவே இல்லை. ஆன்டெனாவிலிருந்து டிவிக்கு வரும் கோஆக்சியல் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், அதன் உலோக உறையை எர்த்தோடு சேர்க்கும் எர்த் பிளாக் கிடையாது.

எல்லாவற்றையும்விட மோசமானது, அந்த ராடை வீட்டின் மின் எர்த்தோடு இணைக்காமல் விட்டது. முழு எட்டடி இறக்கியிருந்தாலும் இது ஆபத்துதான். பக்கத்தில் இடி விழும்போது இரண்டு எர்த்துக்கும் இடையே பெரும் மின்னழுத்த வேறுபாடு உண்டாகும். அதைச் சமன்செய்ய மின்சாரம் தேடும் வழி, கேபிளின் உறை வழியாக டிவிக்குள் புகுந்து பவர் ஒயரில் வெளியேறுவதாக இருக்கலாம். அமெரிக்க மின் விதித்தொகுப்பின் 810ஆம் பிரிவு, தனி ராடு போட்டால் அதை வீட்டு எர்த்தோடு குறைந்தது 6ஆம் எண் செம்புக் கம்பியால் (எண் குறையக் குறையக் கம்பி தடிமன்) இணைக்கச் சொல்கிறது. கம்பத்திலிருந்து இறங்குவதற்கு 10ஆம் எண் செம்பு போதும். வளைவுகள் இல்லாமல், கூடியவரை நேராகவும் குட்டையாகவும் இறக்க வேண்டும்.

இன்னொரு பொய்யையும் சொல்லிவிடுகிறேன். ஆன்டெனா மாட்டியவர் எனக்கு இதை "இடிதாங்கி" என்றுதான் விற்றார். ஆன்டெனா எர்த், கம்பத்தில் சேரும் நிலைமின்னூட்டத்தை வடிக்கும்; அக்கம்பக்கத்து மின்னலால் தூண்டப்படும் மின்னெழுச்சியைத் தணிக்கும். கூரையிலேயே இடி விழுந்தால் டிவியைக் காப்பாற்றும் என்று யாரும் உறுதி தர முடியாது. வானம் கறுக்கும்போதே கேபிளையும் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு அவற்றைத் தொடாதீர்கள்.

இப்போது அவர், பாதிப் பணம் தருகிறேன், விஷயத்தை விட்டுவிடுங்கள் என்கிறார். அறுத்த ராடு என்னிடம் பத்திரமாக இருக்கிறது; முழுப் பணமும் வந்தால்தான் அதைத் திருப்பித் தருவேன்.