ஆறு பலகைப் பெட்டி: அசலா, நகலா?

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்துப் பண்ணை வீடுகளில் போர்வைகளை உள்ளே வைக்கப் பயன்பட்ட பைன் மரப் பெட்டி இது. ஆறே பலகை, ஆணி அடித்த மூட்டு. 1800 வாக்கில் செய்த அசலை வாங்குவதா, அதே அளவில் இன்று செய்யும் நகலை வாங்குவதா?

அசலின் பெருமை பெயின்ட்டில்தான். நீலப் பெட்டி என்றால், மூடியைத் தூக்கும் இடத்தில் கைபட்டு நீலம் தேய்ந்து மரம் தெரியும்; கை போகாத மூலையில் நிறம் அப்படியே இருக்கும். எல்லா விளிம்பும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாள் வேலை. அப்புறம் பெட்டியைக் கவிழ்த்து அடிப்பலகையைப் பாருங்கள். வட்ட ரம்பத்தின் வளைந்த தடம் இருந்தால் பெரும்பாலும் 1830-க்குப் பிந்தைய பலகை. உருண்டையான கம்பி ஆணி அமெரிக்காவில் பரவலானது 1890-களில். அதற்கு முன் சதுர ஆணிதான். ஒரே ஒரு கம்பி ஆணியைக் கண்டு ஓட வேண்டாம், பின்னால் யாராவது பழுதுபார்த்திருக்கலாம். பழைய சதுர ஆணியைப் புதுப் பெட்டியில் அடித்து விற்கும் கெட்டிக்காரர்களும் உண்டு.

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு நான் நகலைத்தான் சொல்வேன். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். வீடுகளுக்கான ஈயப் பெயின்ட்டை அமெரிக்கா தடை செய்ததே 1978-இல்தான். சரி, சுரண்டிவிட்டு வார்னிஷ் அடிக்கலாமே என்றால், ஈயத்தூசி பறக்கும், பெட்டியின் மதிப்பும் போகும்.

மற்றவர்களுக்கு அசல். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிரிம்ஃபீல்டு பழம்பொருள் சந்தை மே, ஜூலை, செப்டம்பரில் கூடும். டார்ச் ஒன்று எடுத்துப் போங்கள்.