திறந்த தட்டு வைத்தால் புறாதான் வரும்: வீட்டுத் தோட்டத்தில் பறவைத் தீனி, சில வருட அனுபவம்

மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு தட்டை வைத்துக் கம்பும் நொய்யும் கொட்டினால், சில நாளில் அங்கே மாடப்புறாக் கூட்டம் மட்டும்தான் நிற்கும். தானியத்தில் குறையில்லை, குறை தட்டில்தான். அகலமாக, சமமாக உட்கார இடமிருந்தால் புறா விடாது. 300 கிராம் எடையுள்ள பறவை வந்து நிற்கும் இடத்துக்கு 25 கிராம் சிட்டுக்குருவி ஏன் வரப்போகிறது?

கடையில் விற்கும் பிளாஸ்டிக் பாட்டில் வகை ஃபீடர் (தொங்கவிடும் தீனிக் கலன்) ஒரு கோடைக்குத்தான் தாங்கும். வெயிலில் வெளுத்து, நூல் கட்டிய இடத்தில் விரிசல் விடும். உள்ளே வியர்த்து, அடியில் தானியம் கட்டியாகிப் பூசணம் பிடிக்கும். தேங்காய்ச் சிரட்டை செலவில்லாதது, ஆனால் அடியில் மூன்று நான்கு துளை போடாவிட்டால் மழைக்கு அதுவே தொட்டியாகிவிடும்.

நீடித்து உழைப்பது கம்பிக் கூண்டுக்குள் இருக்கும் குழாய் ஃபீடர். கூண்டுக் கண்ணி ஒன்றரை அங்குலம் இருந்தால் சிட்டுக்குருவியும் புள்ளிச் சில்லையும் நுழையும், புறாவால் முடியாது. வாங்கும்போது பலர் கவனிக்காதது கூண்டுக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள இடைவெளி. அது இரண்டு அங்குலம்தான் என்றால் புறா வெளியில் நின்றபடியே கழுத்தை நீட்டித் தின்றுவிடும். ஐந்து அங்குலமாவது வேண்டும். அணிலை மட்டும் இந்தக் கூண்டு தடுக்காது. நம்மூர் அணில் அதில் சுகமாக நுழையும்.

இதற்கெல்லாம் மேலாக நம்மிடம் பழைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது: வாசலில் தொங்கவிடும் நெற்கதிர்க் கொத்து. தொங்கிக்கொண்டு கொத்தத் தெரிந்த பறவைக்கு மட்டும்தான் அது தீனி. புறா இரண்டு முறை சிறகடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். தை அறுவடையில் நான்கைந்து கொத்து வாங்கி நன்றாகக் காயவைத்துக்கொள்ளலாம். கூரைக்கடியில், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, கயிற்றுக்குப் பதில் மெல்லிய கம்பியில் கட்டுங்கள். கயிறு என்றால் எலி இறங்கும்.

குழாயில் போட தினையும் சாமையும் போதும். காலையில் இரண்டு மேசைக்கரண்டி, மாலையில் ஒன்று; அதற்கு மேல் போட்டால் இரவில் எலிக்குத்தான் விருந்து. சிட்டுக்குருவி தினையை உரித்துத்தான் தின்னும். மேலே தங்கும் உமியைப் பார்த்தால் ஃபீடர் நிறைந்திருப்பதுபோலவே தோன்றும். ஒரு முறை ஊதிப் பார்த்தால் அடியில் ஒன்றுமே இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழாயில் கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். ஈரத்தில் புளித்த தானியத்தைக் கொட்டிவிடுவதே நல்லது.

கிளிக்கு ஊறவைத்த அரிசி, சூரியகாந்தி விதை, கொய்யா எல்லாம் பிடிக்கும். பச்சைமிளகாயும் தின்னும், பறவைக்குக் காரம் உறைக்காது. நிலக்கடலை வைப்பதானால் உப்பில்லாத, புதிய கடலை மட்டும். பூசணம் பட்ட கடலையிலுள்ள நஞ்சு பறவையின் ஈரலைக் கெடுக்கும். மிச்சமான மிக்ஸர், ஊறுகாய் பட்ட சோறு, பால் மூன்றும் கூடாது. பச்சரிசி வயிற்றில் ஊதிப் பறவை செத்துவிடும் என்பது கட்டுக்கதை.

தானியத்தை நம்பியே இருந்தால் தோட்டத்துப் பறவைகளில் பாதி வராது. கொண்டைக்குருவி, குயில், குக்குறுவான் மூன்றும் பழப் பிரியர்கள். பப்பாளியைப் பாதியாக வெட்டி ஆணியில் குத்தி வைத்தால் மைனாவும் சேர்ந்துகொள்ளும். உச்சி வெயிலுக்கு முன் எடுத்துவிடுங்கள், புளித்த வாசனைக்கு ஈயும் எறும்பும் மொய்க்கும். எறும்புக்காகத் தொங்கும் கம்பியில் கிரீஸோ வாசலினோ தடவாதீர்கள். இறகில் ஒட்டினால் பறவையால் துடைக்க முடியாது. கம்பியின் நடுவில் தண்ணீர் ஊற்றிய சிறு கிண்ணம் கோத்துவிட்டால் எறும்பு கடக்காது.

தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைப்பது வீண் வேலை என்பதே எங்கள் முடிவு. ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர் என்று சரியாகக் கலந்தாலும் சித்திரை வெயிலில் ஒரே நாளில் கலங்கிவிடும். ஒரு செம்பருத்தி, ஒரு இட்லிப்பூச் செடி இருந்தால் தானாக வரும். கரிச்சானும் தையல்சிட்டும் பூச்சி தின்பவை, எந்த ஃபீடருக்கும் வராது. சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் புழுவைத்தான் ஊட்டும். அதனால் செடிக்கு மருந்தடிக்கும் தோட்டத்தில் தானியம் வைத்து ஆகப்போவது குறைவு. மரத்தடிச் சருகைக் கூட்டாமல் விட்டால் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து கிளறும்.

தண்ணீர்தான் எல்லாப் பறவைக்கும் பொது. இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழமில்லாத மண் தட்டு, நடுவில் ஒரு கல், அரை நிழல். பூனை பதுங்க முடியாதபடி புதரிலிருந்து ஆறடியாவது தள்ளி வையுங்கள். தினமும் நீரை மாற்றினால் மட்டும் போதாது. டெங்கு கொசுவின் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் சாகாது. வாரம் ஒரு முறை தேங்காய் நாரால் ஓரத்தை அழுத்தித் தேய்க்க வேண்டும். ஃபீடரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, அலசி, முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். இறகைச் சிலுப்பிக்கொண்டு, வாயோரம் ஈரமாக, ஆள் வந்தாலும் பறக்காமல் ஒரு புறா உட்கார்ந்திருந்தால் அதற்கு நோய் என்று அர்த்தம்; மற்றவற்றுக்குப் பரவாமலிருக்கத் தீனி, தண்ணீர் இரண்டையும் எடுத்துவிட்டு இரண்டு வாரம் எதுவும் வைக்காதீர்கள்.