மியான்மர்: வேலைநிறுத்தமா, துப்பாக்கியா?

2020 நவம்பர் தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சி 396 இடங்களைப் பிடித்தது. வாக்காளர் பட்டியலில் மோசடி என்றது ராணுவம்; தேர்தல் ஆணையம் மறுத்தது. 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவமே ஆட்சியைப் பிடித்தது. அப்புறம் ராணுவத்தை எதிர்க்க இளைஞர்கள் முன் இரண்டு வழிகள்: வேலைநிறுத்தம் செய்யும் ஒத்துழையாமை, அல்லது ஆயுதப் போராட்டம்.

தொடங்குவது: ஒத்துழையாமைக்கு வேலைக்குப் போகாமல் இருந்தால் போதும், மருத்துவர்கள்தான் முதலில் இறங்கினார்கள். ஆயுதத்துக்கு எல்லைக் காடுகளில் இனக்குழுப் படைகளிடம் பயிற்சி பெற வேண்டும்.

விலை: முதலாவதில் சம்பளம் போகும். ரயில்வே ஊழியர்கள் குடியிருப்பையே இழந்தார்கள். இரண்டாவதில் உயிர். ஆனால் தெருவில் வெறுங்கையோடு நின்றவர்களையும் சுட்டார்களே! இந்த வித்தியாசம் காகிதத்தில்தான்.

பலன்: வேலைநிறுத்தம் வங்கிகளை முடக்கியது, ஜெனரல்களை அசைக்கவில்லை. ஆயுதம் ஊர்களைப் பிடித்தது. ஆனால் 2024-இல் கிளர்ச்சிப் படையிடம் வீழ்ந்த வடக்கு நகரமான லாஷியோ, சீனாவின் தலையீட்டால் 2025-இல் ராணுவத்திடமே திரும்பியது.

நிர்வாகத்தை முடக்க முதல் வழி, நிலத்தைப் பிடிக்க இரண்டாவது. குடும்பச் சுமை உள்ள அரசு ஊழியருக்கு முதலாவதே என் தேர்வு.