துனீட்டஸ் க்ரீக் சாலை: ஏறுவதா, இறங்குவதா?

கலிஃபோர்னியாவில் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவையும் பசிபிக் கடலையும் பிரித்து நிற்பவை சான்டா க்ரூஸ் மலைகள். இங்கே ரோடு பைக் எனப்படும் சாலை சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு மிகவும் பிடித்த ஒரு சுற்று உண்டு. வளைகுடா பக்கத்து ஊரான உட்சைடில் கிளம்பி, மலைமுகட்டில் ஓடும் ஸ்கைலைன் சாலையைக் கடந்து, மறுபுறம் கடலோரத்துக்கு இறங்கி, மீண்டும் முகடு ஏறித் திரும்ப வேண்டும். மொத்தம் 40 மைலை ஒட்டி வரும். எந்தத் திசையில் சுற்றுவது என்பதுதான் கேள்வி. இரண்டு திசையிலும் ஓட்டிப் பார்த்த பிறகு வலஞ்சுழிதான் என்று முடிவு செய்துவிட்டேன். காரணம் கிட்டத்தட்ட ஒன்றே ஒன்று, அது சாலையின் ஈரம்.

முதலில் வழிகளைச் சொல்லிவிடுகிறேன். வலஞ்சுழி என்றால் ஓல்ட் லா ஹோண்டா சாலையில் ஏற்றம். ஸ்கைலைனைக் கடந்ததும் அதே பெயரில் தொடரும் மேற்குப் பகுதியில் இறங்கி, ஹைவே 84-ஐப் பிடித்து, லா ஹோண்டா வழியாக சான் கிரிகோரியோ. அங்கிருந்து ஸ்டேஜ் ரோடில் வடக்கே திரும்பி, ஹைவே 1-இல் கொஞ்ச தூரம், பிறகு துனீட்டஸ் க்ரீக் சாலையில் இரண்டாவது பெரிய ஏற்றம். உச்சியில் ஸ்கைலைனைக் குறுக்கே தாண்டினால் அதே சாலை கிங்ஸ் மவுன்டன் சாலையாகி உட்சைடில் கொண்டுவந்து விடும். இடஞ்சுழி என்பது இதையே தலைகீழாக ஓட்டுவது. மூன்றாவதாக, தெற்கே ஹைவே 9 வழியாக பிக் பேசின் போகிற பாதையையும் இதற்குப் போட்டியாகச் சொல்வார்கள். அதைக் கடைசியில் பார்ப்போம்.

எண்களில் பெரிய வித்தியாசம் இல்லை. ஓல்ட் லா ஹோண்டா ஏற்றம் மூன்றேகால் மைலுக்குச் சற்று அதிகம், உயரம் 1,290 அடி, சராசரிச் சரிவு 7 சதவீதத்துக்கு மேல். அடிவாரத்துப் பாலத்திலிருந்து உச்சி வரை எத்தனை நிமிடம் என்பதை வைத்துத்தான் இந்தப் பக்கத்து சைக்கிள்காரர்கள் தங்கள் உடல்தகுதியை அளந்துகொள்கிறார்கள். துனீட்டஸ் ஒன்பது மைலுக்குச் சற்று அதிகம், ஏறக்குறைய 2,000 அடி. ஆனால் அது சீராக ஏறாது. முதலில் பண்ணைகளின் ஓரமாக அலுங்காமல் போகும், பிறகு காட்டுக்குள் நுழைந்ததும் நடுவில் சில மைல் செங்குத்தாகி மூச்சை வாங்கும், கடைசியில் இளகும். கிங்ஸ் மவுன்டன் நாலேகால் மைல், 1,500 அடிச் சொச்சம். எந்தத் திசையில் போனாலும் கால்களுக்கு வேலை ஒன்றுதான். கடல் பார்க்கும் இன்பமும் இரண்டிலும் உண்டு.

இனி ஈரத்துக்கு வருகிறேன். கலிஃபோர்னியக் கரையில் மே கடைசி முதல் செப்டம்பர் வரை மழை என்பதே அநேகமாகக் கிடையாது. அதனால் கோடையில் சாலை காய்ந்து கிடக்கும் என்று நினைத்து வருகிறவர்கள்தான் அதிகம். ஆனால் ஜூலை மாதத்தில் துனீட்டஸ் காட்டுக்குள் போய்ப் பாருங்கள், சற்று முன்தான் தூறல் விட்டதுபோல் தார் கறுத்திருக்கும். கரையோரக் கடல்நீர் அடியாழத்திலிருந்து மேலே வருவதால் கோடையிலும் குளிர்ந்தே இருக்கிறது. அதன்மேல் வரும் ஈரக்காற்று மூடுபனியாகத் திரண்டு, இரவில் பள்ளத்தாக்குகள் வழியாக மலைக்கு ஏறுகிறது. ரெட்வுட் மரங்களின் ஊசியிலைகள் அந்தப் பனித்துளிகளை வாரிப் பிடித்துக் கீழே சொட்ட விடுகின்றன. டாட் டாசன் என்ற தாவர ஆய்வாளர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், வடகலிஃபோர்னிய ரெட்வுட் காடு ஒன்றுக்கு ஆண்டு முழுவதும் கிடைத்த நீரில் சராசரியாக 34 சதவீதம் இந்தப் பனிச்சொட்டு என்று கணக்கிட்டார். காட்டுக்கே மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் கொடுக்கிற சொட்டு, அதன் நடுவே போகிற சாலையை மட்டும் விட்டுவிடுமா?

இந்த ஈரம் மழை ஈரத்தைவிட மோசமானது. மழை பெய்தால் சாலை முழுக்க நனையும், அழுக்கும் கழுவிப் போகும், நாமும் எச்சரிக்கையாக இருப்போம். பனிச்சொட்டு மரத்துக்கு மரம் விழுகிறது. கிளை விரிந்த அளவுக்கு ஈரம், அடுத்த பத்தடி காய்ந்த தார், மறுபடி ஈரம். நிழலும் கறுப்பு, ஈரமும் கறுப்பு. வெயில் திட்டுகளுக்கு நடுவே வேகமாக இறங்கும்போது எது நிழல், எது ஈரம் என்று கண்ணுக்குப் பிடிபடாது. அதோடு உதிர்ந்த ஊசியிலைகள். கார் டயர்கள் போகும் இரண்டு தடங்களில் அவை நசுங்கி ஒதுங்கிவிடும். தடங்களுக்கு நடுவிலும் ஓரத்திலும் செம்பழுப்பாகப் படிந்து, சொட்டில் ஊறி, கூழாகிக் கிடக்கும். வளைவில் எதிரே கார் வந்து நாம் ஓரம் ஒதுங்கினால் முன் சக்கரம் நேராக அதன்மேல்தான் ஏறும். இன்னொரு அடையாளமும் சொல்கிறேன். இந்தக் காடுகளில் வாழைப்பழ நிறத்தில் ஒரு நத்தை உண்டு, ஓடு இல்லாதது, விரல் நீளத்துக்கு மேல் இருக்கும். உடம்பு காயாத இடத்தில்தான் அது நடமாடும். தார்ச்சாலையில் அது ஊர்ந்து போவதைப் பார்த்தால், அந்த வளைவு பகல் முழுக்கக் காயாது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைக் கணக்காகவும் போட்டுப் பார்க்கலாம். 8 சதவீதச் சரிவில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறோம். காய்ந்த தாரில் புவியீர்ப்பின் பாதி அளவுக்கு, அதாவது 0.5 மடங்கு, பிரேக் பிடிக்க முடியும் என்று கொண்டால், சரிவு அதில் ஒரு பங்கைத் தின்றது போக, நிற்க 15 மீட்டர் ஆகும். ஈரத் தாரில் அந்தப் பிடி 0.4 ஆகக் குறைந்தால் 20 மீட்டர். ஊறிய இலைப் படுகையில் 0.2 தான் கிடைக்கிறது என்றால் 50 மீட்டரைத் தாண்டிவிடும். துனீட்டஸின் செங்குத்துப் பகுதியில் பல வளைவுகளில் 20 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. அதே சாலையில் அதே இலைப் படுகைமேல் மணிக்கு 10 கிலோமீட்டரில் ஏறிக்கொண்டிருந்தால், சரிவே நமக்கு பிரேக். ஒன்றரை மீட்டருக்குள் நின்றுவிடலாம். பிடிமானத்தின் அளவுகள் டயருக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்ப மாறும். ஆனால் இந்த விகிதத்தை எந்த டயரும் புரட்டிப்போடாது. டிஸ்க் பிரேக் ஈரத்தில் உடனே பிடிக்கும், ரிம் பிரேக் முதலில் தண்ணீரைத் துடைத்துவிட்டுத்தான் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் இங்கே குறைவது டயருக்கும் தாருக்கும் நடுவில் இருக்கும் பிடி. பிரேக் எவ்வளவு நல்லதானாலும் அந்தப் பிடியைக் கூட்டாது.

ஆகவே குறுகலும் நிழலும் ஈரமும் உள்ள சாலைகளை ஏற வேண்டும், திறந்தும் அகன்றும் காய்ந்தும் உள்ளவற்றை இறங்க வேண்டும். வலஞ்சுழியில் இது தானாகவே அமைகிறது. மேற்கு ஓல்ட் லா ஹோண்டா புல்வெளிச் சரிவு. வெயில் படும், காற்று அடிக்கும், வளைவுக்கு அப்பால் வருவது முன்கூட்டியே தெரியும். தெளிந்த நாளில் கடல் தெரியும். சாலை மேடுபள்ளமாகத்தான் இருக்கும், ஆனால் காய்ந்திருக்கும். லா ஹோண்டாவுக்குக் கீழே 84-உம் ஓடையை ஒட்டி விரிந்த பள்ளத்தாக்கில் மெல்ல இறங்குகிற அகலமான சாலை.

இடஞ்சுழியில் நேரமும் எதிராகிவிடுகிறது. காலை எட்டு மணிக்கு உட்சைடில் கிளம்பினால் கிங்ஸ் மவுன்டன் உச்சிக்கு ஒன்பது மணி வாக்கில் சேர்வோம். இரவெல்லாம் சொட்டிய தண்ணீர் அப்படியே கிடக்கிற அந்த நேரத்தில், உடம்பு ஏற்றத்தில் வியர்த்து நனைந்திருக்க, துனீட்டஸில் இறங்கத் தொடங்க வேண்டும். வலஞ்சுழியில் அங்கே வந்து சேர நண்பகலை நெருங்கிவிடும். பனி கடல் பக்கம் பின்வாங்கியிருக்கும். சாலை அப்போதும் பல இடங்களில் நனைந்துதான் இருக்கும், ஆனால் நாம் ஏறுகிறோம். சாலையின் செங்குத்தான இடங்களில் எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரம் வழுக்கும். உட்கார்ந்தே மிதியுங்கள், அதற்கேற்ற கியர் இருக்கட்டும். இருபது மைல் கடந்த கால்களுக்கு முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் 32 பல் என்பது ஆடம்பரம் அல்ல.

சுற்றின் கடைசியில் வரும் கிங்ஸ் மவுன்டன் இறக்கமும் மரநிழலும் கொண்டை ஊசி வளைவுகளும் நிறைந்ததுதானே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அது வளைகுடா பக்கம் பார்த்த சரிவு. முகட்டைத் தாண்டி இறங்கும் காற்று சூடாகிப் பனி கரைந்துவிடுவதால், மதியத்துக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும். உச்சியில் நிற்கும்போதே சொட்டு விழுந்துகொண்டிருந்தால் நான் அதில் இறங்குவதில்லை. ஸ்கைலைனில் தெற்கே திரும்பி, ஸ்கெக்ஸ் பாயின்ட்டைக் கடந்து ஸ்கை லோண்டா வரை போய், 84 வழியாக உட்சைடுக்கு இறங்குவேன். சில மைல் கூடும், வாகனமும் அதிகம், ஆனால் தார் அகலம், வெளிச்சமும் உண்டு.

ஓல்ட் லா ஹோண்டாவின் கிழக்குப் பகுதியில் இறங்குவதைப் பற்றி ஒரே வரி: வேண்டாம். ஒரு காரும் ஒரு சைக்கிளும் ஒதுங்கக் கஷ்டப்படும் அகலம், வளைவுக்கு வளைவு எதிரே மூச்சிரைக்க ஏறி வரும் ஆட்கள். இடஞ்சுழியில் ஓட்டுகிறவர்களே அங்கே வந்ததும் 84-க்கு மாறிக்கொள்வது நல்லது.

இடஞ்சுழிக்கு உரியதையும் கொடுத்தாக வேண்டும். கடலோரத்தில் காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வரும். வலஞ்சுழிக்காரர்களுக்கு 84-இல் சான் கிரிகோரியோ நோக்கிப் போகும்போதும், ஹைவே 1-இலும் அது முகத்தில் அறையும். இடஞ்சுழியில் அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். மதியம் தாண்டிக் கிளம்புகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. செங்குத்தான ஏற்றத்தைக் களைத்த கால்களோடு சந்திக்க வேண்டியதும் இல்லை. மாலை வெயிலில் மேற்கு ஓல்ட் லா ஹோண்டாவை ஏறுவது, இந்த மலைகளில் எனக்குத் தெரிந்த மிக அழகான ஏற்றங்களில் ஒன்று. பனி இல்லாத செப்டம்பர், அக்டோபர் நாட்களில் இதற்காகவே இடஞ்சுழியை எடுப்பவர்களிடம் நான் வாதாட மாட்டேன்.

வாகனங்களைப் பொறுத்தவரை சனி, ஞாயிறுகளில் ஸ்கை லோண்டா சந்திப்பு மோட்டார் சைக்கிள்காரர்களின் கூடுமிடம். நேரம் ஏற ஏற 84-இல் அவர்கள் பெருகுவார்கள். வலஞ்சுழியில் அந்தச் சாலையைக் காலையிலேயே, அதுவும் இறங்கியபடி, முடித்துவிடுகிறோம். சைக்கிளைத் தாண்டும் வாகனம் குறைந்தது மூன்று அடி விலக வேண்டும் என்பது 2014 முதல் மாநிலச் சட்டம். 2023 முதல், பக்கத்தில் தடம் இருந்து பாதுகாப்பாக மாற முடிந்தால் தடமே மாற வேண்டும். நமக்கும் ஒரு கடமை உண்டு: இருவழிச் சாலையில் தாண்ட முடியாமல் ஐந்து வாகனங்கள் பின்னால் சேர்ந்துவிட்டால், ஒதுங்க இடம் வந்ததும் விலகி வழிவிட வேண்டும்.

ஹைவே 9 வழி வேறு ரகம். சாரட்டோகாவிலிருந்து 2,600 அடி உயரத்தில் உள்ள சாரட்டோகா கேப் என்ற கணவாய் வரை ஏழு மைல், 6 சதவீதத்தில் மாறாத ஏற்றம். தாளம் பிடித்து ஏற விரும்புகிறவர்களுக்கு துனீட்டஸைவிட இது பிடிக்கும். அங்கிருந்து வாட்டர்மன் கேப் வரை இறங்கி, ஹைவே 236-இல் திரும்பினால் பிக் பேசின். 1902-இல் அமைந்த, கலிஃபோர்னியாவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா அது. 2020 ஆகஸ்டில் மின்னலில் மூண்ட தீ 86,000 ஏக்கருக்கு மேல் எரித்தபோது பூங்காவின் பெரும்பகுதி அதில் போயிற்று. முதிர்ந்த ரெட்வுட்கள் பெரும்பாலும் பிழைத்து, கருகிய அடிமரத்திலிருந்தே பச்சையாகத் துளிர்த்திருக்கின்றன. 2022 ஜூலையில் பூங்கா ஓரளவு திறந்தது. தீக்குப் பிறகு நான் அங்கே அதிகம் ஓட்டியதில்லை. கூரைபோல் மூடியிருந்த கிளைகள் போனதால் 236-இல் நிழலும் சொட்டும் குறைந்து, வெயில் நேரடியாக இறங்குகிறது என்பதுதான் என் எண்ணம். அப்படியானால் என் முக்கியக் காரணம் அங்கே பாதியாகக் குறைந்துவிடுகிறது. தெற்கே வசிப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை இந்த அலசலே செல்லாது. மழைக்காலத்தில் எல்லாச் சாலையும் ஈரம்தான். அதைவிட, மண் சரிந்து 84, 9 போன்ற சாலைகளே வாரக்கணக்கில் மூடப்படுவதுண்டு. கிளம்பும் முன் மாநிலப் போக்குவரத்துத் துறையின் சாலை நிலவர வரைபடத்தையும், கிராமச் சாலைகளுக்கு சான் மட்டேயோ கவுன்டியின் அறிவிப்புகளையும் பார்த்துவிடுங்கள். சான் கிரிகோரியோவில் 1889-லிருந்து நடக்கும் பொதுக்கடையில் குப்பிகளை நிரப்பிக்கொள்ளுங்கள். அதன் பிறகு துனீட்டஸ் உச்சி வரை தண்ணீரை நம்ப முடியாது, பல இடங்களில் கைபேசிக்கு சிக்னலும் கிடைக்காது.