களியா, கவுனி அரிசியா: தர்மபுரியிலிருந்து கிளம்பினால் எங்கே தங்கலாம்?

பழைய வீட்டில் தங்க வேண்டும், அந்த ஊர்ச் சாப்பாட்டை அங்கேயே சாப்பிட வேண்டும். அம்மா கேட்டது இவ்வளவுதான். தர்மபுரிக்காரர்களான எங்களுக்கு மூன்று வழிகள் தெரிந்தன: காரைக்குடி, ஒகேனக்கல், நம் பக்கத்து அரசுப் பயணியர் மாளிகை. மூன்றிலும் நான் தங்கியிருக்கிறேன்.

காரைக்குடி சுமார் 300 கிலோமீட்டர். சேலம், திருச்சி வழியாகப் போனால் ஒரு பகல் முடிந்துவிடும். வாடகையும் நம் ஊர் லாட்ஜைப் போலப் பல மடங்கு. ஆனால் அங்கே பழைய செட்டிநாட்டு வீடும் சமையலும் ஒரே கதையைச் சொல்கின்றன. தூண்களுக்குத் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. இலையில் விழும் கவுனி என்ற கறுப்பு அரிசியும் அதே வணிகத் தொடர்பில் வந்து சேர்ந்ததுதான். 1999 முதல் விடுதியாக நடக்கும் ‘தி பங்களா’வில் மதியச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கல்பாசி மணக்கும் கோழி, உப்புக்கறி, கடைசியில் கவுனி அரிசி இனிப்பு. அவசரப்படாமல் பரிமாறுவார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஒகேனக்கல் 46 கிலோமீட்டர்தான். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டலிலோ தனியார் விடுதியிலோ அறை எடுக்கலாம். பழைய மாளிகையின் அழகை அங்கே தேடக் கூடாது. அறை தூங்குவதற்கு மட்டும், சாப்பாடு ஆற்றங்கரையில். கட்லாவோ வாளையோ நாமே பார்த்து வாங்கி, சமைத்துத் தரும் அக்காவிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போகலாம். திரும்பி வரும்போது குழம்பும் வறுவலும் தயாராக இருக்கும். ஒரு எச்சரிக்கை: கர்நாடகத்தின் கபினி அணையிலிருந்து தண்ணீர் திறந்து வெள்ளம் வந்தால் குளியலும் பரிசலும் நின்றுவிடும். ஆடி மாதம் நான் போக மாட்டேன்.

பயணியர் மாளிகைக்கு மனசு ஏங்குகிறது. உயரமான கூரை, தடித்த சுவர், வராந்தாவில் சாய்வு நாற்காலி, குறைந்த வாடகை. ஆனால் அதிகாரிகள் வந்தால் அவர்களுக்குத்தான் முன்னுரிமை. ஒருமுறை சொல்லி வைத்திருந்த அறை எங்களுக்குக் கிடைக்காமல் போனது. சாப்பாடும் கடையிலிருந்து பார்சல்தான். 1792-க்குப் பின் பாரமகாலில், அதாவது இந்த தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில், பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி தாமஸ் மன்றோ, தர்மபுரியில் ஆசையாகத் தோட்டம் போட்டு வாழ்ந்தவர். அப்படிப்பட்ட ஊரில் வரலாற்றோடு தங்கிச் சாப்பிட ஒரு வீடு இல்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

சமையலில் நமக்குக் குறையே இல்லை. நொய்யை வேகவிட்டு ராகி மாவைப் போட்டு, கட்டி தட்டாமல் கிண்டி உருட்டிய களி. பக்கத்தில் கீரைக் கடைசல் அல்லது நாட்டுக்கோழிக் குழம்பு. ஆனால் களி சூட்டோடு இலைக்கு வர வேண்டும். ஆறினால் இறுகிவிடும். அடுக்கி வைத்துப் பரிமாறும் விடுதிகளுக்கு அது ஒத்துவராது. பத்துப் பேருக்குச் சமைக்கும் சின்ன விடுதிக்குத்தான் சரியாக வரும்.

வீடும் சாப்பாடும் சேர்ந்து வேண்டுமென்றால் காரைக்குடிதான். அம்மாவுக்கு அதையே முடிவு செய்தோம், தை மாதம், இரண்டு இரவு. கையில் ஒரே நாள் விடுமுறை இருந்தால் ஒகேனக்கல், அதுவும் கூட்டமில்லாத வேலை நாளில். பயணியர் மாளிகையில் என்றைக்காவது களி கிண்ட ஆரம்பித்தால், முதல் ஆளாக அறை கேட்டு நிற்பேன்.