கண்ணால் பார்த்து விலகுவதா, ரேடார் இடைவெளியா?

தரையிறங்க வரும் விமானங்களைப் பிரித்து வைக்க அமெரிக்க விமான நிலையங்களில் இந்த இரண்டு வழிகளும் உண்டு. எது பாதுகாப்பு என்ற கேள்வி 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் நடந்த வான் மோதலுக்குப் பிறகு கூர்மையாகிவிட்டது.

இடைவெளி: ரேடாரில் பொதுவாக 3 கடல் மைல் தூரம் அல்லது 1,000 அடி உயர வித்தியாசம். கண் வழியில் எண்ணே கிடையாது.

பொறுப்பு: ரேடாரில் கட்டுப்பாட்டாளர். கண் வழியில், "பார்த்துவிட்டேன்" என்று சொன்ன விமானி.

வேகம்: கண் வழியே முந்துகிறது. சான்பிரான்சிஸ்கோவின் இணை ஓடுபாதைகளுக்கு இடையே 750 அடிதான். வானம் தெளிவாக இருந்தால் அங்கே விமானங்கள் ஜோடியாக இறங்கி வந்தன, மேகம் தாழ்ந்தால் வரிசை நீண்டது.

இரவில்தான் வினை. நகர விளக்குகளுக்கு நடுவே வேறொரு விமானத்தைப் பார்த்துவிட்டு, கட்டுப்பாட்டாளர் சொன்னது அதுதான் என்று விமானி நம்பிவிடலாம். மோதும் பாதையில் வரும் விளக்கு கண்ணாடியில் நகராமல் நிற்கும். அதனாலேயே கண்ணுக்குத் தப்பும். விமானத்திலுள்ள டிகாஸ் என்ற மோதல் தடுப்புக் கருவியும் சுமார் 1,000 அடிக்குக் கீழே ஏறு, இறங்கு என்று கட்டளை தராது. வாஷிங்டன் ரீகன் நிலையத்தருகே ராணுவ ஹெலிகாப்டரும் பயணிகள் விமானமும் மோதியது ஏறக்குறைய 300 அடியில். 67 பேர் இறந்தார்கள். ஹெலிகாப்டர் கேட்டு வாங்கியிருந்தது கண் வழி அனுமதிதான்.

பகல், தெளிந்த வானம், ஒரே திசையில் வரும் இரு விமானங்கள் என்றால் கண் வழி போதும். இரவு, குறுக்கே வெட்டும் பாதை, ஹெலிகாப்டர் கலந்த வான்வெளி என்றால் ரேடார் இடைவெளியைத் தவிர வேறெதையும் ஏற்கக்கூடாது.